ஹிட்ஸ் தட்டுக்கு என்ன விலை?

பழைய இசைத்தட்டு விற்பனைக்கு என்று யார் சொன்னாலும், போனில் வருகிறவர் முதலில் கேட்பது, “ராஜா சார் தட்டு இருக்காண்ணே?” என்றுதான். அடுத்த கேள்வி கொஞ்சம் நுணுக்கமானது. “படத்தோட எல்.பி.யா, இல்ல ஹிட்ஸா?” ஹிட்ஸ் என்று பதில் வந்தால் எதிர்முனையில் ஆர்வம் பாதியாகிவிடும். “சரி, அதையும் சேர்த்து ஒரு விலை சொல்லுங்க, பார்ப்போம்.”

மதுரைப் பக்கத்து வீடுகளிலிருந்து இன்று வெளியே வரும் தட்டுகளில் இந்த ஹிட்ஸ் ரகத்துக்குப் பஞ்சமே இல்லை. சிவாஜி பாட்டுகள், எம்.ஜி.ஆரின் தத்துவப் பாட்டுகள், கண்ணதாசன் பாட்டுகள், டி.எம்.எஸ்-சின் முருகன் பாட்டுகள் என்று ஒரு நடிகரையோ பாடகரையோ கவிஞரையோ தலைப்பாக வைத்து, பக்கத்துக்கு ஆறு வீதம் ஒரு டஜன் பாட்டை அடைத்துக் கொடுத்த தொகுப்புகள் அவை. சேகரிப்பவர்கள் அவற்றை ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாட்டுகள் எல்லாம் ஏற்கெனவே வேறு தட்டுகளில் வந்தவை. நன்றாக விற்கும் என்று தெரிந்தே நிறைய அச்சிடப்பட்டவை. நிறைய இருக்கும் பொருளுக்கு விலை ஏறாது. படத்தின் எல்.பி. என்றால் அட்டையில் ஸ்டில் இருக்கும், இசையமைப்பாளரின் பெயர் பெரிதாக இருக்கும், அந்தப் படம் வந்த வருடத்தின் வாசனை இருக்கும். ஹிட்ஸ் தட்டின் அட்டையில் பெரும்பாலும் ஒரு முகம், ஒரு பூ, பின்பக்கம் பாட்டுப் பட்டியல். அவ்வளவுதான்.

ஆனால், இந்த ஊர் எதைக் கேட்டு வளர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போவோம். லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய், தட்டுகளாகித் திரும்பி வந்தன. 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை வந்த பிறகுதான் இந்தியாவிலேயே தட்டு அச்சானது. அரக்கிலிருந்து செய்த அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் பாடும். ராக ஆலாபனையானாலும் நாடகப் பாட்டானாலும் அந்த மூன்று நிமிடத்துக்குள் வெட்டிச் சுருக்க வேண்டும். நம் சினிமாப் பாட்டு மூன்றரை நிமிடத்துக்குப் பழகியதில் அந்த அரக்குத் தட்டுக்கும் பங்குண்டு.

மதுரைக்காரர்கள் இந்தத் தொழிலுக்குள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மதுரை அனுமந்தராயன் கோயில் தெருவில் 1916-ல் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி, முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது அவருக்குப் பத்து வயதுதான். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். எட்டுத்திக்கும் பெயர் போன பிறகு வந்த எம்.எஸ். தட்டுகளை விடுங்கள், அந்தச் சிறுமியின் 78 யார் வீட்டிலாவது முழுசாகக் கிடைத்தால் அதற்கு விலை சொல்வதே தவறு.

காரைக்குடிக் கதை இன்னும் சுவையானது. அங்கே அப்பாவின் ‘ஏ.வி. அண்ட் சன்ஸ்’ கடையில் இசைத்தட்டு விற்கத் தொடங்கிய இளைஞர்தான் பின்னாளில் ஏவி.எம். என்ற மூன்றெழுத்தால் அறியப்பட்ட மெய்யப்பன். யாரோ அச்சிடும் தட்டை வாங்கி விற்பதைவிட நாமே பதிவு செய்தால் என்ன என்று யோசித்து, 1930-களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்தோடு ஒப்பந்தம். புராண நாடகங்களைப் பாட்டும் வசனமுமாகப் பல தட்டுகளில் பதிந்து ‘செட்’டாக விற்றார்கள். நாடகம் பார்க்க விடிய விடிய உட்கார முடியாதவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த வியாபாரம் கொடுத்த தெம்பில்தான் 1935-ல் ‘அல்லி அர்ஜுனா’ படம். தமிழ் சினிமாவின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று ஒரு பிளேட்டுக் கடையிலிருந்து கிளம்பியது என்பது பலருக்கு மறந்துவிட்டது.

நாடகப் பாடகர்களின் தட்டுகளுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா ஒரு சினிமாவிலும் நடிக்கவில்லை. 1933-ல், 27 வயதில் போய்விட்டார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அது 78 தட்டின் புண்ணியம். கே.பி.சுந்தராம்பாள் பாடிய தேசியப் பாட்டுகளும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயின. நாடக மேடையும் கிராமபோனும் சுதந்திரப் போராட்டத்தை எப்படித் தூக்கிச் சுமந்தன என்பதை தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார்.

பிறகு காலம் மாறியது. அமெரிக்காவில் 1948-ல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் எல்.பி.யைக் கொண்டுவந்தது. மறு வருடமே ஆர்.சி.ஏ. 45 சுற்றுச் சின்னத் தட்டை இறக்கியது. நம்மூருக்கு அவை வந்து பரவ நாளாயிற்று. உலகமே 78-ஐ மறந்த பிறகும் கல்கத்தா டம்டம் ஆலை அதை அச்சிட்டுக்கொண்டிருந்தது. 1960-களில் பீட்டில்ஸ் பாட்டுகள் 78 சுற்றுத் தட்டாக இந்தியாவில் வந்தன. அவற்றுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் நல்ல விலை கொடுக்கிறார்கள். நம்மவர்கள் அப்போது அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

ஹிட்ஸ் தட்டு பிறந்த இடம் இதுதான். 1950-களின் படப் பாட்டுகள் பக்கத்துக்கு ஒன்றாக 78-ல் வந்தவை. 60-களில் நான்கு பாட்டுக் கொள்ளும் இ.பி. தட்டு வந்தது. முழுப் படத்துக்கும் ஒரு எல்.பி. என்பது தமிழில் பிற்பாடு வந்த வழக்கம். ஆகவே, ஒரு டி.எம்.எஸ். பிரியர் தன் இஷ்டப் பாட்டுகளை எழுந்து எழுந்து தட்டு மாற்றாமல் நாற்பது நிமிடம் தொடர்ந்து கேட்க வேண்டுமானால் தொகுப்பு எல்.பி.தான் கதி. மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, 1950-ல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் பாடத் தொடங்கியவர் டி.எம்.எஸ். அவருக்கு 2023-ல் மதுரை முனிச்சாலையில் சிலை வைத்தார்கள். சிலைக்கு முன்பே இந்த ஊரின் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் அவருக்கு இடம் இருந்தது, தொகுப்புத் தட்டாக.

வீட்டுக்காரர்களைவிட அதிகமாகத் தட்டு வாங்கியவர்கள் ‘மைக் செட்’காரர்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று எந்தப் பக்கம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை என்றாலும் விடியற்காலையிலேயே குழாய் கட்டிவிடுவார்கள். முதலில் பிள்ளையார் பாட்டு. அப்புறம் சீர்காழி, சூலமங்கலம் சகோதரிகள், டி.எம்.எஸ். வெயில் ஏறியதும் சினிமா. சாப்பாட்டு நேரத்தில் ‘திருவிளையாடல்’ கதை வசனம். மதுரை மண்ணின் கதை என்பதால் இங்கே அதற்குத் தனி மவுசு. தருமி புலம்பும் இடம் வந்தால் பந்தியில் இருப்பவர்கள் கூடவே சொல்வார்கள். இந்தத் தொழிலுக்குத் தொகுப்பு எல்.பி.யைப் போல வசதியானது வேறில்லை. ஊசியை வைத்துவிட்டு ஆபரேட்டர் டீ குடித்துவிட்டு வரலாம்.

அதனால்தான் மதுரைப் பக்கம் கிடைக்கும் தொகுப்புத் தட்டுகளின் அட்டையில் ஏதோ ஒரு சவுண்டு சர்வீஸின் ரப்பர் ஸ்டாம்பும், பேனாவில் எழுதிய வரிசை எண்ணும் அடிக்கடி கண்ணில் படும். லேபிளின் நடுவில் ஓட்டையைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் இருக்கும். இருட்டிலும் அவசரத்திலும் தட்டைச் சுழல்மேடையில் வைத்தபோது நடு முள் உரசிய தடம் அது. ஒரு தட்டு எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அனுபவசாலிகள் பார்க்கும் முதல் இடமும் அதுதான். சேகரிப்பவருக்கு அது குறை. விலையில் பாதியை அங்கேயே கழித்துவிடுவார். அவர் செய்வது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கோடுகளுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது என்று சொல்லாமல் போக முடியவில்லை.

80-களில் கேசட் வந்தது. தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர். கோடு போட்ட தாளில் இருபது பாட்டு எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தன் எல்.பி.களிலிருந்து அவற்றை டி.டி.கே. கேசட்டில் பதிந்து தருவார். ஹிட்ஸ் தட்டைக் கம்பெனிதான் தொகுக்க வேண்டும் என்ற நிலை போய், ஒவ்வொருவரும் தமக்கான ஹிட்ஸைத் தொகுத்துக்கொண்டார்கள். (சட்டப்படி அது சரியா என்று அன்று யாரும் கேட்கவில்லை.) 90-களின் தொடக்கத்தில் இந்தியாவில் தட்டு அச்சிடுவது ஏறக்குறைய நின்றது. சி.டி., எம்.பி.3 வந்தபோது ரெக்கார்டிங் சென்டர்கள் மூடின. அவற்றின் எல்.பி. சேகரங்களில் பல எடைக்குப் போயின. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஸ்பேனர், பழைய மிக்ஸி, அறுந்த ஒயர்களுக்கு நடுவே பொருள் தேடிப் பழகியவர்களுக்குத் தெரியும்: ஒருவருடைய குப்பை எப்போது இன்னொருவருடைய தேடலாக மாறும் என்று சொல்ல முடியாது.

மாறித்தான் போயிற்று. அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் வெளியிட்ட கணக்குப்படி 2022-ல் அங்கே 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சி.டி. விற்றது 3.3 கோடி. 1987-க்குப் பிறகு தட்டு சி.டி.யை எண்ணிக்கையில் முந்தியது அதுவே முதல் முறை. அந்த அலை நம்மூர்ப் பழைய சரக்கையும் தூக்கிவிட்டது. அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து போய் 1976-ல் ‘அன்னக்கிளி’யில் அறிமுகமான இளையராஜாவின் எல்.பி.கள் நல்ல நிலையில் இருந்தால் இன்று ஆயிரங்களில் விலை பேசப்படுகின்றன. இன்ரெகோ, எக்கோ என்று லேபிள் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். பக்தித் தட்டுகள் சில நூறு ரூபாயோடு நிற்கின்றன. எம்.எஸ். பாடி 1963-ல் வந்த வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி. இல்லாத சேகரமே இல்லை என்பதால், அதன் பெருமைக்கும் அதன் விலைக்கும் சம்பந்தமே இல்லை. அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு அவர் எழுதிக் கொடுத்தார் என்பது தட்டின் மதிப்பைக் கூட்டலாம், சந்தையில் கூட்டவில்லை.

சரி, கையில் ஒரு ஹிட்ஸ் தட்டு இருக்கிறது. விற்க வேண்டும். எப்படி?

முதலில் வெளிச்சம். தட்டை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். நகத்தால் தடவி, நகம் மாட்டினால் அது ஊசியையும் மாட்டவைக்கும். பாட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். நகத்துக்குச் சிக்காத மயிரிழைக் கோடு என்றால் லேசாகப் பொரியும், அவ்வளவுதான். உலகம் முழுக்கத் தட்டு விற்பவர்கள் அமெரிக்காவின் ‘கோல்டுமைன்’ பத்திரிகை வகுத்த தர வரிசையைப் பின்பற்றுகிறார்கள். 2000-ல் தொடங்கிய டிஸ்காக்ஸ் இணையச் சந்தையும் அதையே வைத்திருக்கிறது. தட்டுக்குத் தனி மதிப்பெண், அட்டைக்குத் தனி மதிப்பெண். தன் தட்டுக்கு ஒரு படி குறைத்தே மதிப்பெண் போடுகிற விற்பனையாளரிடம் வாங்கியவர் மறுபடி வருவார்.

இரண்டாவது, எண். லேபிளில் உள்ள எழுத்தும் எண்ணும்தான் தட்டின் ஜாதகம். எச்.எம்.வி. குழுமத்து எல்.பி.யில் இ.சி.எல்.பி. என்று தொடங்கினால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்று தொடங்கினால் ஸ்டீரியோ. ஒரே தலைப்பில் பல தொகுப்புகள் வந்திருப்பதால், “சிவாஜி ஹிட்ஸ் இருக்கு” என்று மட்டும் சொன்னால் வாங்குபவருக்கு ஒன்றும் புரியாது. எண்ணையும் பாட்டுப் பட்டியலையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பினால் பாதிப் பேச்சு மிச்சம். தட்டை மாற்றி வேறு அட்டைக்குள் போட்டு வைப்பது நம் வீடுகளில் சகஜம். அட்டையில் கண்ணதாசனும் உள்ளே அம்மன் பாட்டும் இருக்கும். அனுப்பும் முன் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டைதான்.

இந்த ஊர் வெயிலைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொட்டுத் தாண்டும். வினைல் தட்டு 60 டிகிரி வாக்கில் நெளியத் தொடங்கிவிடும். தகரக் கூரைக்கு அடியிலோ, வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடி ஓரத்திலோ அந்தச் சூடு தானாக வந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டிருந்தால் அடித்தட்டு கதை முடிந்தது. நெளிந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து வெயில் காட்டுவது, இஸ்திரி போடுவது போன்ற கைவைத்தியங்களால் பிழைத்த தட்டைவிடச் செத்த தட்டே அதிகம்.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். வினைல் தட்டை லேபிள் நனையாமல், சொட்டு சோப்புத் திரவம் கலந்த தண்ணீரில் மென்துணியால் துடைக்கலாம். அதே உற்சாகத்தில் 78-ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் தட்டே கரையும், ஏனென்றால் அது அரக்கு. ஊசியும் அப்படித்தான். 78-க்கான ஊசி தடிமனானது. பழைய பிளேயர்களில் திருப்பிவிடும் இரட்டை ஊசி இருந்தது. அவசரத்தில் திருப்ப மறந்து 78 ஊசியில் எல்.பி. ஓட்டியவர்கள் ஏராளம். அப்படி ஓடிய தட்டு பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் ஒலி கரகரக்கும். ஆகவே கண்ணால் பார்த்தது போதாது. வாய்ப்பிருந்தால் இரண்டு பக்கமும் ஓட்டிக் காட்டிவிட்டு விலை சொல்வதே நேர்மை.

பார்சலில் ஒரு சின்ன சூட்சுமம்: தட்டை அட்டை உறைக்குள் வைத்து அனுப்பக் கூடாது. வழியில் குலுங்கும்போது தட்டின் விளிம்பு அட்டையின் ஓரத்தைக் கிழித்துவிடும். தட்டை அதன் உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் பெட்டியட்டை கொடுத்து அனுப்ப வேண்டும். 78 என்றால் கீழே விழுந்தாலே இரண்டாகிவிடும். நேரில் கொடுப்பதே நல்லது.

இந்த வியாபாரத்தில் ஏமாற்றும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளானாலும் வடநாட்டுச் சந்தைகளானாலும் பித்தளைக் குழாய் வைத்த ‘எச்.எம்.வி. கிராமபோன்’ கேட்பவர்கள் அதிகம். உண்மையான பழைய இயந்திரங்கள் இருக்கவே செய்கின்றன. ஆனால், பழைய மோட்டாரைப் புதுப் பெட்டியில் பூட்டி, மினுமினுக்கும் புதுக் குழாய் மாட்டி விற்கும் போலிகள் இந்தியாவிலிருந்து உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த இரும்பு ஊசியில் எல்.பி.யை வைத்தால் ஒரே ஓட்டத்தில் தட்டு பாழ். அழகுக்கு வாங்குபவர்கள் அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று: கையிலுள்ள தட்டை விற்பது வேறு, அதிலுள்ள பாட்டைப் பதிந்து விற்பது வேறு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டுகள். தட்டோடு ‘டிஜிட்டல் காப்பியும் தருகிறேன்’ என்று கூடுதல் காசு வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் சொன்ன பிறகு, ஹிட்ஸ் தட்டை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா? விற்கலாம், தாராளமாக. வீட்டில் பிளேயர் இல்லை, கேட்க ஆளில்லை, அலமாரியில் கரையான் ஏறுகிறது என்றால், ஓட்டிக் கேட்கப்போகும் ஒருவரிடம் முந்நூறு, நானூறுக்குப் போவதே அந்தத் தட்டுக்கு நல்ல கதி. அதில் பணம் கொட்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாம். பணம் வரப்போவது, நீங்கள் கவனிக்காமல் அதனோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் படத்து எல்.பி.களிலிருந்துதான். ‘மொத்தமாக எடுத்துக்கறேன்’ என்று வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக எழுதி வைத்துவிட்டுப் பேசுங்கள்.

78 தட்டுகள் விஷயம் மட்டும் வேறு. நாடகப் பாட்டு, கதாகாலட்சேபம், நாதஸ்வரம், தேசியப் பாட்டு என்று 1950-க்கு முந்தைய தட்டு எதுவும் எடைக்காரரிடம் போகக் கூடாது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தனிச் சேகரத்திலிருந்து 1994-ல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. மும்பையில் 1990 முதல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இயங்கி வருகிறது. லேபிளைப் படமெடுத்து இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்பிக் கேட்க ஐந்து நிமிடம் ஆகும். விற்பதற்கு முன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழியுங்கள்.